ஒல்லி டயர், தடி டயர், ஆரல்வாய்மொழிக் காற்று

நாகர்கோவிலில் திருவட்டாறு பஸ்ஸில் ஏறும்போது என் தோளில் இரண்டு சைக்கிள் டயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சைக்கிள் இல்லை. டயர் மட்டும். மடித்துப் பைக்குள் வைத்தால் ஓரம் நெளிந்துவிடும் என்று பயந்து, கோவையிலிருந்து அப்படியே மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளே, வண்டியை வீட்டுல வெச்சுட்டு டயரை மட்டும் ஊரு சுத்திக் காட்டக் கூட்டீட்டு வந்தியா?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்துச் சீட்டு அக்கா ஒருத்தி, "சும்ம இரும் ஓய், மாலை போட்டுட்டு வருது பிள்ள" என்றாள். எங்கள் ஊர் கண்டக்டர் என்றால் "லக்கேஜ் போடோணுமுங்க" என்று மரியாதையாகக் கறந்திருப்பார். இவர் கேலியோடு விட்டுவிட்டார். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போக ஆரம்பித்தது அங்கேதான்.

டயர்கள் மெர்லினுக்கு. மெர்லின் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. மெக்கானிக்கல் வகுப்பில் எண்ணிக்கைக்கு இருந்த பெண்களில் நாங்கள் இருவரும் சேர்த்தி. நான் படித்து முடித்து கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. அரசுத் துறை ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு பெண்களை வேலைக்கு எடுக்கிறது. ஆரல்வாய்மொழிச் சாலையில் தனித்தனியாக ஓட்டவிட்டு நேரம் பார்ப்பார்கள். வயது வரம்பின்படி மெர்லினுக்கு இதுதான் கடைசி வருடம். கிடைக்கவில்லை என்றால் மஸ்கட்டில் அவள் அண்ணன் பேசி வைத்திருக்கும் அலுவலக நாற்காலி. சைக்கிளுக்கும் அவளுக்கும் அதோடு சரி.

போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏட்டி நிவே, டயரு டயருன்னு நாலு வருசம் என் காதைத் தின்னியே. இப்ப வந்து செஞ்சு காட்டு."

கோவையில் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்கள் எல்லாரும் டயர்ப் பேச்சுக்குப் பயந்து மேசை மாறிவிட்டார்கள். கேட்க ஒருத்தி கிடைத்தாள் என்றதும் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

மெர்லின் வீடு திருவட்டாறிலிருந்து உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில். முற்றத்துக் கயிற்றில் துண்டு காயப்போட்டதுபோல ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. புளித்த பால் வாசம். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் டயரைக்கூடக் கவனிக்காமல், "மக்களே, பட்டினி கெடந்தா வந்த? கை கழுவு" என்றார். மசித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே தேங்காய் அரைத்த சாளைக் கறி. மீன் குளச்சலில் அன்று காலையில் ஏறியது. எங்கள் பக்கம் இந்தக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும், மிஞ்சினால் சிப்ஸ் ஆகும். சோற்றுக்குப் பதிலாகத் தட்டு நிறையக் கிழங்கை வைத்தபோது கொஞ்சம் விழித்தேன். இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன்.

அவள் அப்பா சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். குட்டி யானை என்று ஊரெல்லாம் சொல்லும் வண்டி. வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றுவார். என் டயரை வாங்கிக் கையில் உருட்டி, மூக்கில் வைத்து முகர்ந்து, "நம்ம பாலாக்கும் இது" என்று மனைவியிடம் காட்டினார். எந்த நாட்டிலோ செய்த டயர். அவருக்கு அது தன் தோட்டத்து மரம்தான்.

பிரச்சினை இதுதான். மெர்லின் ஓட்டிக்கொண்டிருந்தது இருபத்து மூன்று மில்லிமீட்டர் டயர். விரல் தடிமன். அதைக் கல் மாதிரி காற்றடித்து ஓட்டவேண்டும் என்பது அவள் கோச்சின் கட்டளை. ஒல்லியாக இருந்தால் தரையில் படுவது குறையும், தரையில் படுவது குறைந்தால் வேகம் கூடும். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். நான் கொண்டுவந்தது இருபத்தெட்டு. மெர்லின் பார்த்த உடனேயே பெயர் வைத்துவிட்டாள்: அது ஒல்லி, இது தடி.

"தடியில ஓட்டினா இழுக்காதா?"

"அதுதான் இல்லடீ" என்று ஆரம்பித்தேன். ஒரு ரப்பர் பேண்டைப் பலமுறை இழுத்து இழுத்து விட்டு அவள் உதட்டில் வைத்தேன். சூடு தெரிந்தது, கண்ணை விரித்தாள். ரப்பரை இழுத்து விட்டால் கொடுத்த சக்தி முழுசாகத் திரும்பி வராது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். ஓடும் டயரும் அப்படித்தான்: தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, நசுங்கும்போதெல்லாம் நம் காலிலிருந்து திருடுகிறது. அதுதான் உருள்தடை. இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று இருந்தால் தரையில் படும் பரப்பும் ஒன்றுதான். ஒல்லியில் அது நீளமாகக் கிடக்கும், தடியில் அகலமாக, குட்டையாக. நீளமாகப் படுத்தால் பக்கச் சுவர் அதிகம் வளையும். அப்படியானால் திருட்டு எதில் அதிகம்? ஒல்லியில்!

"அதுக்காக ஒல்லியில காத்தைக் கூட்டிக் கல்லா வெச்சா?"

"கண்ணாடி மாதிரி ரோடு இருந்தா சரி. உங்க ஊரு ரோட்டுல ஒவ்வொரு கல்லுக்கும் டயர் அசையாது, நீ அசைவே. உன்னையும் வண்டியையும் சேர்த்து மேல தூக்கித் தூக்கிப் போடும். அதுவும் உன் கால் கொடுக்கிற சக்திதான்."

அம்மா அடுக்களையிலிருந்து, "அந்தப் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மீன் வையி, நிறுத்தாம பேசுகு" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, சோதனை. வீட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற சாலை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியதில் முதுகெல்லாம் தழும்பு. மேலே ரப்பர் மரங்கள் கூரை போட்டிருக்க, இலை அசையாது. ஒரு பலா மரத்தடியில் புறப்பட்டு, மிதிக்காமல், பிரேக் தொடாமல் உருண்டு, வண்டி தானாக நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. ஒல்லியில் சில தடவை, தடியில் சில தடவை. தடிக்கு நான் கொண்டுபோன பம்பில் முள்ளைப் பார்த்து அளவாகத்தான் காற்று வைத்தேன்.

கோயிலுக்குப் போய்விட்டுச் சந்தனத்தோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். மெர்லின் நான்காவது தடவை உருண்டு போனபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சவுட்டாம போனா வண்டி எப்பிடிப் போவும் பிள்ளே?"

"எங்க நிக்குதுன்னு பாக்குதோம் மாமா."

"நிக்குததைப் பாக்கவா ரெண்டு பேரு? நிறுத்தி வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க, நல்லா நிக்கும்."

அவர் போனதும் தடி உருண்டது. ஒல்லியின் கோட்டைத் தாண்டி, மதகைத் தாண்டி, யாரோ மாடு கட்டியிருந்த இடம் வரை போய், மாட்டின் முகத்தைப் பார்த்து நின்றது. நான் கத்தினேன். மாடு எழுந்துகொண்டது. திரும்பத் திரும்ப உருட்டினோம், திரும்பத் திரும்பத் தடி மாட்டைப் போய்ப் பார்த்தது. கடைசியில் உற்சாகத்தில் பம்பைக் கீழே போட்டு அதன் முள்ளை உடைத்தது நான்தான். பரவாயில்லை, காற்று ஒரு நாளில் இறங்காது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை சபை. மெர்லினுக்காக ஜெபிக்கச் சொல்லி அம்மா முன்னமே சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. என்னென்ன சொல்லிவைத்தாரோ, போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கள் மகள் மெர்லினுக்கு நல்ல பெலனையும், அவளுடைய வாகனத்துக்கு ஏற்ற சக்கரத்தையும் தந்தருளும்" என்றார். சபை முழுக்க ஆமென். நான் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். ஆனால் அந்த ஆமெனை நானும் பலமாகத்தான் சொன்னேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மெர்லின் சைக்கிளைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குக் கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்தார்கள். "இதென்ன, பஞ்சு மெத்தையாட்டுக் கெடக்கு." "இதுல போயி ஜெயிக்கவா? வழியில ஒறங்கிப் போவா." மெர்லின் சிரித்துச் சமாளித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மதியம் உள்ளித் தீயல் என்கிற வெங்காயப் புளிக்குழம்பும் பொரித்த அயிலை மீனும் தின்றுவிட்டு, நேற்றைய வெற்றியை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று போனோம். பலா மரத்தடியிலிருந்து தடி உருண்டது. மதகுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி. மறுபடியும் முன்னாலேயே. இன்னொரு தடவை ஒல்லியின் கோட்டைக்கூடத் தொடவில்லை.

"ஏட்டி, மாடு தேடுகு" என்றாள் மெர்லின்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடு ஈரமா? இல்லை. செயின் சிக்கலா? இல்லை. மூன்றாம் பந்தி தீயல் அவள் எடையைக் கூட்டிவிட்டதா? கணக்குப் போட்டேன், அதுவும் இல்லை. மாலை முழுக்க வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சுக்காப்பி ஆறிப்போனது. புதன்கிழமை தேர்வு. நான் சொன்னதை நம்பி அவள் கோச்சிடம், "சார், நான் தடிச்சதுல ஓட்டிப் பாக்குதேன்" என்று சொல்லியும்விட்டாள். போனின் மறுமுனையில் அவர் உச்சுக்கொட்டியது எனக்கே கேட்டது.

"உனக்கு எதுக்கு இவ்வளவு வெப்ராளம்?" என்று மெர்லினின் அம்மா கேட்டார். மனசு கொதித்துக்கொண்டு கிடப்பதற்கு இங்கே அப்படி ஒரு சொல். இதைவிடப் பொருத்தமாக எங்கள் ஊரில் ஒன்று இல்லை.

மிச்சம் இருந்தது காற்று ஒன்றுதான். அதை அளக்க முள் இல்லாததால், திங்கட்கிழமை காலை காற்றழுத்தம் பார்க்கும் கருவி வாங்கக் களியக்காவிளைக்குக் கிளம்பினோம். அவள் பந்தய சைக்கிளில். நான் அவள் அண்ணன் விட்டுப்போன பழைய வண்டியில். அதைச் சைக்கிள் என்பதைவிடக் கட்டில் என்று சொல்லலாம். அலைகடல் மாதிரி சாலை ஏறி இறங்கியது. ஓர் இறக்கத்தில் மணல் லாரி ஒன்று என்னைத் தார் ரோட்டிலிருந்து தள்ளி, நான் ஓரத்துச் சரளையில் குதித்து, செயின் கழன்று, அன்னாசித் தோட்டத்து வேலியில் போய் நின்றேன். மெர்லின் திரும்பி வந்து, எனக்கு அடி பட்டதா என்று கேட்காமல், "பாத்தியா, உன் டயரு தடிதான, பின்ன ஏன் சறுக்குச்சு?" என்றாள்.

களியக்காவிளை ஒரு ஊர் என்று சொல்லமுடியாது. இரண்டு மாநிலங்கள் ஒன்றையொன்று முட்டும் சத்தம் அது. கோழிக்கூண்டு வண்டிகள், வாழைக்குலைகள், பாதி வாக்கியத்தில் தமிழிலிருந்து மலையாளத்துக்குத் தாவும் பேச்சு. ரசவடையும் கட்டன் சாயாவும் வாங்கிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் குலை வாங்க வந்த ஒரு கேரளத்து அம்மா வியாபாரியிடம் மலையாளத்தில் கேட்டாள்: "இது எந்தப் பக்கத்துக் காய்? அங்கத்ததா, இங்கத்ததா?" வியாபாரி நிமிராமல் பதில் சொன்னான்: "சேச்சி எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறீர்களோ, அதற்கு எதிர்ப் பக்கத்துக் காய். அதைத்தானே எல்லாரும் விரும்புகிறார்கள்." அவள் வாங்கிவிட்டாள்.

கருவி கிடைத்தது. கடை வாசலிலேயே தடியின் வால்வில் வைத்தேன். எண் ஏறியது. நான் வைத்த இடத்தைத் தாண்டியது, ஏறியது, கிட்டத்தட்ட இருமடங்கில் போய் நின்றது.

"நீதான அடிச்ச?" என்றாள் மெர்லின்.

"நான் அடிச்சது இதுல பாதி."

"காத்து தானா கூடுமா?"

"கூடாது."

இருவரும் டயரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மெர்லின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அப்பா."

வீட்டுக்குத் திரும்பிக் கேட்டபோது அவர் ஒளிக்கவே இல்லை. "காத்து கொறஞ்சு கெடந்துது மக்களே. ஜங்சன்ல பஞ்சர் கடைக்காரன்கிட்ட கொண்டுபோயி அடிச்சுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை சபை விட்டு வந்ததும் அடிச்சேன், இன்னைக்கு விடியகாலமும் அடிச்சேன். நல்லா கல்லு மாதிரி." சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். "ஏன், பத்தாதா?"

மெர்லின் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து அப்படித்தானாம். அவள் எழுவதற்கு முன்னால் சைக்கிளை ஜங்சனுக்கு உருட்டிப்போய்க் காற்றடித்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார். சொல்லிக்கொள்ள மாட்டார். அவள் வண்டி கல்லாகவே இருந்ததற்குக் கோச் மட்டும் காரணம் இல்லை. இங்கே பிள்ளைகளின் டயரில் காற்று குறைந்திருந்தால் அது வீட்டுக்கே குறைவு. மெர்லின் சிரித்துச் சிரித்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா உள்ளேயிருந்து, "நான் சபையில ஜெபம் பண்ணச் சொன்னா, இவரு கம்ப்ரஸரை நம்பியிருக்காரு" என்றார்.

மாலையில் காற்றை இறக்கி அளவாக வைத்து உருட்டினோம். தடி மதகைத் தாண்டியது. மாட்டைப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கண்டுபிடித்தது சரி! பிழை என்னுடையது இல்லை! இரண்டு சக்கரத்திலும் தடி. புதன்கிழமை ஜெயம்.

செவ்வாய்க்கிழமை குட்டி யானையில் சைக்கிளையும் எல்லா டயர்களையும் ஏற்றிக்கொண்டு தேர்வு நடக்கும் சாலையைப் பார்க்கப் போனோம். இந்த மாவட்டத்தில் இதுதான் விசித்திரம். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஊர்களைப் பார்த்துவிடலாம். ரப்பர் போய் வயல் வந்தது. வயல் போய்ப் பனையும் பாறையும் வந்தன. பாறைக்குப் பின்னால் காற்றாலைகள், ஒன்றல்ல, கண் போகிற தூரம் வரை. ஆரல்வாய்மொழியில் வண்டிக் கதவைத் திறந்தேன்; கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

மலைக்கு நடுவிலிருக்கும் அந்தச் சந்து வழியாக மேற்கேயிருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸுக்குள் டீ அலையடித்தது. கடைக்காரர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆற்றினார். பாலாடை பறந்து என் சட்டையில் ஒட்டியது. "இது கொறவு" என்றார் அவர். "காலையில வந்திருக்கணும்."

சாலை கிழக்கே போய்த் திரும்பி வருவது. போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். மெர்லின் தடியோடு ஒரு தடவை போய்வந்தாள். டயரை மாற்றி ஒல்லியோடு ஒரு தடவை. இளைப்பாறிவிட்டு மறுபடி இரண்டும். நான் வண்டியில் பின்னால் போய்க்கொண்டே போனில் நேரம் பிடித்தேன். போகும்போது தடிக்குக் கொஞ்சம் நல்லது. வரும்போது ஒல்லிக்கு நல்லது. கூட்டிப் பார்த்தால் ஒல்லி ஒரு மயிரிழை முன்னால்.

"தடி காத்தைப் பிடிக்குது" என்றாள் மெர்லின் மூச்சு வாங்கிக்கொண்டே. "முன்னால யாரோ கை வெச்சுத் தள்ளுத மாதிரி இருக்கு."

"இல்லடீ, மாடு வரைக்கும் போச்சுல்ல. எத்தனை தடவை பாத்தோம்."

"ஏட்டி, நீ உருட்டிப் பாத்தது எவ்வளவு வேகத்துல? ஆளு நடக்குத வேகத்துல. நான் நாளைக்கு அந்த வேகத்துல போனா, அந்த அதிகாரிங்க வீட்டுக்குப் போயி சோறு தின்னு ஒறங்கி எந்திரிச்சு வந்து என் நேரத்தை எழுதலாம்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கொடுமை. பதில் அவள் பக்கம் இருந்தது. உருள்தடை வேகத்தைப் பார்த்துப் பெரிதாக மாறாது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் டயர் இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய ஒன்றே. காற்று அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காக அமுக்கும். நடக்கும் வேகத்தில் டயர்தான் எல்லாம். பந்தய வேகத்தில், அதுவும் இந்தக் காற்றை எதிர்த்து, டயர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் இலை அசையாத சாலையைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் உருட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

தெரிந்தும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப உன் கோச் சொன்னதையே போட்டுக்கோ. நான் எதுக்கு இங்க?"

"நீயாட்டு வந்ததுதான?"

"நீதான் கூப்பிட்ட."

"கூப்பிட்டேன். இப்பப் போன்னு சொல்லுதேன். நாகர்கோவில் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்." கழற்றிப் போட்டிருந்த டயரைக் காலால் தள்ளினாள். "எனக்கு நாளைக்கு ஒரு தடவைதான் நிவே. உனக்கு இது டயரு. எனக்கு..."

மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. நான் சாலைக்கு எதிர்ப்புறம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை. போனது. அவள் அப்பா மட்டிப்பழச் சீப்பு ஒன்றைப் பிய்த்து, பாதியை அவளுக்குக் கொடுத்து, சாலையைத் தாண்டி வந்து மீதியை எனக்குக் கொடுத்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பழத்தைத் தின்றுகொண்டே அவள் சைக்கிளைப் பார்த்தேன். பாறையில் சாய்ந்து நின்றது. காற்று முன் சக்கரத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஆட்டியது. பின் சக்கரம் முன் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் பின்னால் ஒளிந்து, அசையாமல் இருந்தது.

எழுந்து சாலையைத் தாண்டினேன். அவளும் எழுந்து நின்றிருந்தாள்.

"உன் எடை எதுல அதிகமா உக்காரும்?" என்றேன்.

"பின்னால. நசுங்குததும் பின்னாலதான் கூட."

"காத்து முதல்ல எதுல படும்?"

"முன்னால." அவள் முகம் மாறியது. "ஏட்டி, ரெண்டும் ஒண்ணாவே இருக்கணும்னு யாரு சொன்னா?"

முன்னால் ஒல்லி, பின்னால் தடி. மாட்டி ஓட்டினாள். திரும்பி வந்து பிரேக் பிடித்தபோது நான் போனைக் காட்டினேன். அன்றைய நேரங்களிலேயே அதுதான் குறைவு. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. களைத்த காலில் அது வந்தது என்பதுதான் பெரிது. அவள் என் தோளில் நெற்றியை வைத்து இடித்தாள். அதுதான் சமாதானம்.

வண்டிக்கு அடியிலிருந்து அவர் தலையை நீட்டினார். "நாளைக்கு விடியகாலம் ஜங்சன்ல..."

"அப்பா!" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம்.

புதன்கிழமை கடைக்காரர் சொன்னது புரிந்தது. காலைக் காற்று நேற்றையதைத் தூக்கிச் சாப்பிட்டது. பல மாவட்டங்களிலிருந்து பெண்கள், அவர்களோடு பெற்றோர்கள், தட்டில் ஆறும் இட்லிகள். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மெர்லினின் வண்டியைப் பார்த்து உண்மையான கரிசனத்தோடு கேட்டாள்: "அக்கா, வர்ற வழியில பஞ்சராயிருச்சா? ஒண்ணுக்கு ஒண்ணு வேறயா இருக்கு." மெர்லினின் கோச் வந்து பார்த்தார். முன் டயரை அமுக்கினார், தலையை ஆட்டினார். பின் டயரை அமுக்கினார். வாயைத் திறந்தார். மெர்லின் அவரையே பார்த்தாள். "சரி, ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "ஜெயிக்கணும்னு ஜெபிச்சிட்டேதான் இருக்கேன் மக்களே. மஸ்கட்டுக்குப் பெட்டியும் வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டும் பொய் இல்லை." 

மெர்லின் கடைசிக்கு முந்தி. புறப்பட்டதும் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காற்றாலைகளுக்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி, பிறகு அதுவும் இல்லை. திரும்பி வரும் வழிதான் நீளம். எத்தனையோ நேரம் கழித்து அந்தப் புள்ளி மறுபடி தெரிந்தது. தலையைக் கைப்பிடிக்குக் கீழே புதைத்திருந்தாள். நகர்கிறாளா நிற்கிறாளா என்று தெரியாத மாதிரி இருந்தது. அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் எழுந்து நின்று மிதித்தார்கள், காற்று அவர்களை நிமிர்த்தித் தள்ளியது. இவள் எழவில்லை. சரளை பெயர்ந்த துண்டு ரோட்டில் மற்ற வண்டிகள் குதித்துக் குதித்து வந்தன. இவள் பின் சக்கரம் அதை மென்றுகொண்டு வந்தது. கோட்டைத் தாண்டினாள்.

தாண்டியவள் நிற்கவில்லை. அப்படியே மேற்கே, காற்றுக்கு நேராக, போய்க்கொண்டே இருந்தாள். அப்பா, "ஏ மக்களே!" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. கடைசிப் பெண்ணும் வந்து சேர்ந்து, அதிகாரிகள் தலையோடு தலை வைத்துப் பேசி, ஒருவர் கை மைக்கை எடுக்கும்வரை அவள் திரும்பி வரவே இல்லை.

முதல் பெயர் சேலத்துப் பெண்ணுடையது. இரண்டாவது பெயரை அவர் படிக்கும்போது காற்று மைக்கில் புகுந்து ஊளையிட்டது. பாதிதான் கேட்டது. கோச் ஓடிப்போய்த் தாளைப் பார்த்தார். திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். அம்மா எழ முயன்று, முடியாமல், தார் ரோட்டிலேயே உட்கார்ந்து முக்காட்டுக்குள் அழ ஆரம்பித்தார்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அப்பா குட்டி யானையில் போட்டுக்கொண்டு வந்திருந்த அண்ணனின் பழைய சைக்கிளை இறக்கி மிதித்தேன். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. முழு பலத்தையும் போட்டால் நடக்கிற வேகம் வந்தது. தூரத்தில் அவள் முதுகு. "மெர்லின்!" என்று கத்தினேன். என் சத்தம் என் காதைத் தாண்டி எனக்குப் பின்னால்தான் போனது. மறுபடி கத்தினேன். ஒரு மாடு திரும்பியது, அவள் திரும்பவில்லை. தொடை எரிந்தது. கண்ணில் மண். அவளும் களைத்துப்போய் மெதுவாகத்தான் போனாள் என்பதால்தான் எட்டிப்பிடித்தேன்.

பக்கத்தில் போனதும் அவள் என்னைப் பார்க்காமலே, "சொல்லாத" என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கிடுதேன். அதுக்கப்புறம் சொல்லு."

"ரெண்டாவது" என்றேன்.

"என்ன?"

"ரெண்டாவதுடீ! உன் பேரு!"

காலை நிறுத்தினாள். காற்று உடனே வண்டியை நிறுத்திவிட்டது. காலைத் தரையில் ஊன்றி, சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு என்னவோ சொன்னது, எனக்குக் கேட்கவில்லை.

"அம்ம எங்க?"

"ரோட்டுல உக்காந்து அழுதுட்டு இருக்காங்க."

"சந்தோசமாவா?"

"தெரியல. முக்காட்டுக்குள்ள அழறாங்க."

வண்டியைத் தூக்கித் திருப்பினாள். ஒரே மிதி. காற்று அவள் முதுகைப் பிடித்துக்கொண்டது. நான் அந்தக் கட்டிலைத் திருப்பி, ஏறி உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தபோது அவள் கூட்டத்தைத் தொட்டுவிட்டிருந்தாள். சைக்கிள் ஸ்டாண்ட் இல்லாமல் சரிந்து விழுந்து கிடக்க, அவள் அம்மாவின் முன்னால் ரோட்டில் மண்டியிட்டு அந்த முக்காட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.